உயில் எழுதாத பெண்ணின் சம்பாத்தியம் யாருக்கு?

மணமான மூன்றே மாதத்தில் கணவர் இறந்துவிட, புகுந்த வீட்டார் அந்தப் பெண்ணை விரட்டிவிட்டார்கள். தாய்வீடு திரும்பியவர் பெற்றோர் ஆதரவில் படித்து வேலைக்குப் போனார். பிள்ளைகள் இல்லை. 1996இல் உயில் எழுதாமலே காலமானார். அவருடைய வங்கிச் சேமிப்பும் வருங்கால வைப்பு நிதியும் தமக்கே என்று தாய் ஒருபுறமும், கணவருடைய சகோதரியின் மகன்கள் மறுபுறமும் வழக்காடினார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் கணவர் வழி உறவினருக்கே உரிமை என்றது. அனுதாபத்தை வைத்து வாரிசுரிமையைத் தீர்மானிக்க முடியாது என்பது அதன் நிலை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 15ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது: பெண்ணின் சொத்து முதலில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்கு, அதற்குப் பிறகே பெற்றவர்களுக்கு. பிள்ளையில்லாத பெண்ணுக்குப் பெற்றோர் வழி வந்த சொத்து மட்டும் தந்தையின் வாரிசுகளிடம் திரும்பும். சொந்தச் சம்பளத்தில் வாங்கிய வீட்டுக்கு அந்த விலக்கு இல்லை. ஆணின் தாயோ மனைவி, பிள்ளைகளுக்குச் சமமான முதல் வகுப்பு வாரிசு.

தாய்தான் நாமினி, பிறகென்ன கவலை என்று கேட்கலாம். வங்கிக் கணக்கின் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், அதன் உரிமையாளர் அல்ல. வாரிசுகள் உரிமை கோரினால் கொடுத்தாக வேண்டும். ஆகவே உயில்தான் வழி. சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு நம்மை யார் மதிப்பார்கள் என்ற பயம், உயிரோடிருக்கும்போதே சொத்தைக் கைமாற்றும் தான செட்டில்மெண்டுக்குப் பொருந்தும், உயிலுக்குப் பொருந்தாது. உயில் எழுதியவரின் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். அதுவரை எத்தனை முறையும் மாற்றலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவைப்பது நல்லது.

உயில்மீதும் வழக்கு வருகிறதே என்பது நியாயமான ஆட்சேபம். பெரும்பாலும் சந்தேகத்துக்கு இடம் தருபவை, படுக்கையில் கிடக்கும்போது சொத்து பெறுபவரே முன்னின்று எழுதி வாங்கிய உயில்கள்தான். ஆரோக்கியமாக இருக்கும்போதே, சொத்தில் பங்கில்லாத, வயதில் இளைய சாட்சிகளை வைத்து, யாரையாவது விலக்கினால் காரணத்தையும் குறிப்பிட்டு எழுதினால் அந்தச் சந்தேகம் வெகுவாகக் குறையும்.

சட்டத்தையே திருத்தக் கூடாதா? திருத்தத்தான் வேண்டும். சட்ட ஆணையம் 2008இலேயே தன் 207ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. அது நடக்கும்வரை பெற்றவர்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ தன் உழைப்பின் பலன் சேர வேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்கு, அதே சட்டத்தின் 30ஆவது பிரிவு தரும் உயில் உரிமைதான் துணை.