புரட்டாசி விதைப்பும் பழைய கொர்ரும்

குளிர்ந்த தேசங்களில் பனி உருகிப் பூமி இளகும் வசந்த காலமே விதைப்புக்குரிய காலமாகும். கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் தாலுகாக்களிலுள்ள நமது கரிசற்காட்டுக்கோ அந்த வசந்தம் புரட்டாசியில்தான் வருகிறது. தூத்துக்குடி ஜில்லாவில் வருஷ முழுமைக்கும் பெய்யும் மழை ஏறத்தாழ 650 மில்லி மீட்டரே. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக் காற்றினால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கிடைப்பது. மழைக்கு முன் கரிசல் கல்லைப்போல் இறுகி வெடித்துக் கிடக்கும். மழைக்குப் பின்னரோ களியாகி மாட்டின் குளம்பையும் கொழுவையும் ஒருங்கே பற்றிக்கொள்ளும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பதம் சில நாட்களுக்கு மேல் நீடிப்பதில்லை. அந்நாட்களைத் தவறவிட்ட மானாவாரிக் குடியானவருக்கு அவ்வருஷத்து மகசூலில் பாதி கைவிட்டுப் போனது போலவேயாம்.

ஆவணி பிறந்ததும் சங்கங்களுக்குப் புது விதைப்பு இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு மனுக்கள் வரத் தொடங்குகின்றன. புதுக் கருவி கூடாதென்பது நமது அபிப்பிராயமன்று. ஆயினும், சங்கக் கொட்டிலில் மூன்று கொழுக் கொர்ருவோ, டிராக்டரில் பூட்டும் பழைய விதைப்புக் கருவியோ தூசி படிந்து கிடக்க, அதைப் புரட்டியும் பாராமல் கடன் மனுவில் கையெழுத்திடுவது விவேகமாகாது. மழை பொய்த்தாலும் கடன் தவணை பொய்ப்பதில்லை.

கொர்ரு நமக்கு அயலான கருவியன்று. இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் என்பவர் 1701இல் குதிரை இழுக்கும் விதைப்புக் கருவியை அமைத்தார் என்று புகழப்படுகிறார். அந்நூற்றாண்டின் இறுதியில் ஹால்காட் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, தென்னாட்டுக் குடியானவர்கள் வழிவழியாகக் கையாண்டு வந்த வரிசை விதைப்புக் கருவியைக் கண்டு வியந்து, அந்நாட்டு விவசாயச் சபைக்கு அதைப்பற்றி எழுதியனுப்பினார். எனினும் திருநெல்வேலிச் சீமைக் கரிசலில் பருத்தியைக் கையால் வீசி விதைப்பதே நெடுநாள் வழக்கமாயிருந்தது. கோவில்பட்டியில் 1901இல் அரசாங்க விவசாயப் பண்ணை ஏற்பட்ட பின்னர்தான் இப்பக்கத்தில் வரிசை விதைப்பு மெல்லப் பரவலாயிற்று.

வரிசையில் விதைப்பதன் நன்மை, விதை மிச்சப்படுவது மாத்திரமன்று. வரிசைகளுக்கு நடுவே மாடு பூட்டி ஊடுழவு செய்யலாம். களை அழிவதோடு, கரிசலின் வெடிப்பும் மூடப்பட்டு உள்ளீரம் காக்கப்படுகிறது. தை மாதத்தில் பருத்திச் செடியை நிறுத்துவது அந்த உள்ளீரமே. வீசி விதைத்த காட்டில் களை எடுக்கக் கைகளே கதி. தீப்பெட்டித் தொழிலுக்கும் துறைமுகத்து வேலைக்கும் ஆட்கள் போய்விட்ட இக்காலத்தில் அக்கைகளுக்கு எங்கே போவது?

இனி, பழைய கருவியைச் செப்பனிடும் விஷயம். மரக் கொர்ருவாயின் முதலில் கொழுக்களின் நுனியைப் பார்க்கவேண்டும். மூன்றும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் பாதகமில்லை. ஒன்று மாத்திரம் குட்டையாயிருப்பின் அந்தச் சாலில் விதை மேலாக விழும்; கொல்லாசாரியிடம் கொடுத்துச் சரிப்படுத்துவது அவசியம். மூங்கிற் குழல்கள் பிளந்திருந்தால் அவற்றை மாற்றிப் பிளாஸ்டிக் குழாய் பொருத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டிராக்டர்க் கருவியில் சங்கிலி, பற்சக்கரம், விதைப்பெட்டியின் அடித்துளைகள் இவற்றோடு ரப்பர்க் குழாய்களையும் சோதிக்கவேண்டும். கொட்டிலில் எலிகளுக்கு அக்குழாய்களின்மேல் உள்ள பிரியம் பல செயலாளர்கள் அறிந்ததே.

பின்பு, கருவி எவ்வளவு விதை போடுகிறதென்று அளந்து பார்க்கவேண்டும். மூன்று கொழுக்களும் ஒன்றுக்கொன்று 45 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், ஒரு நடையில் 135 சென்டிமீட்டர் அகலம் விதைப்பாகும். அவ்வகலத்தில் 30 மீட்டர் நடந்தால் ஒரு சென்ட் நிலம் ஆகிறது. மானாவாரிச் சோளத்துக்கு ஏக்கர் ஒன்றுக்கு விதை 6 கிலோ. ஆகவே சென்ட் ஒன்றுக்கு 60 கிராம். ஒவ்வொரு குழலின் வாயிலும் ஒரு சிறு துணிப்பையைக் கட்டி, களத்து மேட்டில் 30 மீட்டர் இழுத்துப் பைகளை நிறுத்துப் பாருங்கள். பைக்கு 20 கிராம் வீதம் இருந்தால் கருவி ஒழுங்காயிருக்கிறது. ஒரு பையில் மாத்திரம் குறைந்தால் அக்குழலில் அடைப்புண்டு. மூன்றிலும் கூடினால் பெட்டியின் துளையைக் குறுக்கவேண்டும். கையால் விதை விடும் கொர்ருவாயின், விதை விடுபவர் தம் கையைப் பழக்கிக்கொள்ளவேண்டும். இவ்வேலை ஆவணி மாதத்து ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் பிடிப்பதில்லை.

பஞ்சு ஒட்டிய பருத்தி விதை குழலில் சிக்கும். அதைச் சாணமும் செம்மண்ணும் கரைத்த குழம்பில் பிசறி நிழலில் உலர்த்திக்கொள்வது பழைய முறை. அமிலத்தால் பஞ்சு நீக்கிய விதை வாங்குவோருக்கு அத்தொல்லை இல்லை. ஈரக் காட்டில் மாடு நின்றிருக்கும்போது கொர்ருவைப் பூமியில் ஊன்றினால் குழலின் வாயில் மண் அடைத்துக்கொள்ளும். ஆகையால் மாடு அடியெடுத்து வைத்த பின்னரே ஊன்றி, ஒவ்வொரு திருப்பத்திலும் தூக்கிப் பார்ப்பது நலம்.

பதத்தின் நெருக்கடியைத் தவிர்க்க இன்னொரு வழியும் உண்டு. பருவமழை தொடங்குவதற்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பே, உழுது புழுதியாக்கிய காய்ந்த நிலத்தில், பருத்தி, சோள விதைகளை 2 அங்குல ஆழத்தில் விதைத்துவிடலாம். அவ்வளவு ஆழத்தில் கிடக்கும் விதை சிறு தூறலுக்கு ஏமாந்து முளைக்காது. 20 முதல் 25 மில்லி மீட்டர் வரை மழை பெய்து நனைந்த பின்னரே முளைக்கும். கையால் வீசி இவ்வாழத்தை அடைய முடியாது, கொர்ருவினாலேயே முடியும்.

கருவி சரியாயிருந்தும் விதைப்புக் கெடுவது ஒன்றினால்: முறை வைப்பதில் உண்டாகும் தகராறு. நாற்பது அங்கத்தினருக்கு ஒரு கருவி என்றால், நாற்பதாவது ஆள் களியில் விதைப்பார், அல்லது விதைக்கவே மாட்டார். மூப்புப்படியும் பங்குத் தொகைப்படியும் முறை வைப்பது பல இடங்களில் நடந்து வருகிறது. தலைவரின் காட்டுக்கே கருவி முதலில் போவதும் உண்டு. அதற்கு எழுதப்பட்ட விதி எதையும் நாம் எந்தச் சங்கத்துத் துணை விதிகளிலும் கண்டதில்லை. நிலத்தின் தன்மைப்படி முறை வைப்பதே நியாயம். மழை ஓய்ந்ததும் முதலில் பதத்துக்கு வருவது செவல். அடுத்தது மேட்டுக் கரிசல். கடைசியில் ஓடையோரத்துத் தாழ்ந்த கரிசல். கருவியும் அவ்வழியே இறங்கிச் சென்றால், எவருடைய காடும் காய்ந்து போகுமுன் எல்லோருக்கும் முறை வந்துவிடும். ஆவணி மாதப் பொதுக்கூட்டத்திலேயே சர்வே நம்பர் வாரியாகப் பட்டியல் எழுதி, அனைவரும் கையெழுத்திட்டுச் சங்கச் சுவரில் ஒட்டவேண்டும். மழை பெய்த மறுநாள் காலையில் எழுதப்படும் பட்டியல் சண்டைக்கே பிரயோஜனப்படும்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (கடைசியாக நடந்தது 1961இல்) கடல் அமைதியுற்றிருக்கும் சில வாரங்களே குளிப்புக்கு வாய்த்தன. அவ்வாரங்கள் வந்தபின் தோணியைப் பழுது பார்க்கப் புறப்படுகிறவர் எவரும் இல்லை. கரிசற்காட்டாருக்கும் அதே கணக்குத்தான்.

கருவிக்கு வாங்கும் வாடகையைப் பொதுக் கணக்கில் கலக்காமல் பழுதுபார்ப்புக்கென்று தனியே வரவு வைக்கவேண்டும். விதைப்பு முடிந்து, கொழுக்களைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவிக் கொட்டிலில் ஏற்றும் அன்றே, எது தேய்ந்தது, எது முறிந்தது என்று பதிவுப் புத்தகத்தில் எழுதி வைத்தால், அடுத்த ஆவணியில் ஆசாரியிடம் சொல்வதற்கு உதவும்.