சோஃபாவின் முதுகு எவ்வளவு உயரம் இருக்கலாம்? கிராஞ்சிக்குப் புறப்படும் முன் வீட்டில் அளக்க வேண்டியவை

தீபாவளி நெருங்கும்போது லிட்டில் இந்தியாவில் துணிமணி, பலகாரம் எல்லாம் வாங்கி முடித்த பிறகு, புது சோஃபா பார்க்க வடக்கே கிராஞ்சி, சுங்கை காடுட் பக்கம் போகும் குடும்பங்கள் உண்டு. கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது நிறமும் துணியும் தள்ளுபடி விலையும்தான். சோஃபாவின் முதுகு எவ்வளவு உயரம், இருக்கை எவ்வளவு ஆழம் என்று கேட்பவர்கள் குறைவு.

ஆனால் இரவுப் பணி முடித்து வரும் பாதுகாவலருக்கும், நாள் முழுவதும் சமையலறையில் நின்ற அம்மாவுக்கும், மாலையில் மூன்று மணி நேரம் தொலைக்காட்சி பார்க்கும் தாத்தாவுக்கும் தேவைப்படுவது அந்த அளவுகள்தான்.

இதில் பணமும் அடங்கியிருக்கிறது. “உட்கார வசதியாக இல்லை” என்ற காரணத்துக்காக ஒரு சோஃபாவைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கடைக்காரரைச் சட்டம் கட்டாயப்படுத்தாது. ஆயிரம், இரண்டாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய பொருள் உடலுக்குப் பொருந்தாவிட்டால், அது கூடத்தில் கிடக்கும் வரை முதுகுவலியும் கூடவே இருக்கும். ஆகவே, வாங்குவதற்கு முன் அளந்து பார்ப்பதே பாதுகாப்பு.

மரத்தின் பெயர் கொண்ட ஊர்

கிராஞ்சி என்பது ஒரு மரத்தின் பெயர். மலாய் மொழியில் ‘கெரஞ்சி’ எனப்படும் அந்த உறுதியான காட்டு மரத்திலிருந்து இவ்வட்டாரத்துக்குப் பெயர் வந்தது. அதை ஒட்டியுள்ள சுங்கை காடுட் தொழிற்பேட்டை பல பத்தாண்டுகளாக மர அறுப்பு ஆலைகளுக்கும் அறைகலன் பட்டறைகளுக்கும் பெயர் பெற்றது. காலாங் ஆற்றுப் பகுதியில் இருந்த மர ஆலைகளும் இங்கு இடம் மாறின.

இப்போது அந்தப் பேட்டையும் மாறி வருகிறது. சுமார் 500 ஹெக்டர் பரப்பளவுள்ள சுங்கை காடுட்டைச் சுற்றுச்சூழலுக்கு உகந்த தொழில் வட்டாரமாகப் புதுப்பிக்கும் திட்டத்தை ஜேடிசி கழகம் 2020ல் அறிவித்தது. இயூ டீ, கிராஞ்சி நிலையங்களுக்கு இடையே சுங்கை காடுட் எம்ஆர்டி நிலையம் 2035 வாக்கில் திறக்கப்படும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

வாங்குவோருக்கு இவ்வட்டாரத்தால் ஒரு நன்மை உண்டு. விற்கும் இடமும் செய்யும் இடமும் அருகருகே இருப்பதால், சொன்ன அளவுக்குச் செய்து தரும் பட்டறைகளை இங்கு தேடிப் பார்க்கலாம். முதுகை 10 செ.மீ. உயர்த்தவோ இருக்கையின் ஆழத்தைக் குறைக்கவோ முடியுமா என்று கேட்கலாம். ஆனால் என்ன அளவு வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருந்தால்தான் கேட்க முடியும்.

தாழ்ந்த முதுகு ஏன் வலிக்கிறது

பெரியவர் ஒருவரின் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ளது. நிமிர்ந்து இருக்கும்போது முதுகெலும்பு அதைத் தாங்குகிறது. பின்னால் சாயும்போது அந்த எடைக்கு வேறொரு தாங்கல் தேவை. இன்று பரவலாக விற்கப்படும் தாழ்ந்த சோஃபாக்களின் முதுகு, இருக்கையிலிருந்து 40 செ.மீ. அளவில் தோள்பட்டை எலும்போடு நின்றுவிடும். உடல் சாய்ந்திருக்கும், தலை மட்டும் அந்தரத்தில் நிற்கும். கழுத்துத் தசைகள் மாலை முழுவதும் அதை இழுத்துப் பிடித்திருக்கும்.

அந்தக் களைப்பைத் தவிர்க்க, தலைக்கு ஒரு தாங்கல் தேடி நாம் தெரியாமலேயே கீழே சறுக்குகிறோம். இடுப்பு முன்னே நகர்ந்து கீழ் முதுகு வில்லாக வளைகிறது. கழுத்துக்கு ஓய்வு தேடி இடுப்பை வருத்துகிறோம்.

சாய்ந்திருப்பதில் தவறில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், முதுகெலும்புக் கணுக்களுக்கு இடையே உள்ள ‘டிஸ்க்’ எனப்படும் வட்டின் அழுத்தத்தை 1960களிலேயே அளந்து பார்த்தவர். நாற்காலியின் முதுகைப் பின்னே சாய்த்தபோதும், கீழ் முதுகுக்குத் தாங்கல் கொடுத்தபோதும் அந்த அழுத்தம் குறைந்ததை அவரும் சக ஆய்வாளர்களும் 1970களில் கண்டனர். அழுத்தத்தின் அளவுகளில் பிந்தைய ஆய்வுகள் வேறுபட்டாலும், தாங்கலோடு சாய்வது நல்லது என்ற கருத்து நிலைத்திருக்கிறது.

நம் வீடுகளில் ஒரு காலத்தில் இருந்த கித்தான் சாய்வு நாற்காலியை நினைத்துப் பாருங்கள். தலை வரை துணி இருந்ததால் கழுத்துக்கு நிம்மதி. ஆனால் நடுவில் தொட்டில்போல் குழிந்ததால் இடுப்புக்குப் பிடிமானம் இல்லை, எழுந்திருப்பதும் பெரும்பாடு. உயர்ந்த முதுகுள்ள நல்ல சோஃபா அந்த நாற்காலியின் நிறையை வைத்துக்கொண்டு குறையைக் களைய வேண்டும்.

வீட்டில் எடுக்க வேண்டிய நான்கு அளவுகள்

சுவரையொட்டி ஒரு கெட்டியான சாப்பாட்டு மேசை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரை அளவு நாடா பிடிக்கச் சொல்லலாம்.

முதலாவது, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை. இதுதான் உங்களுக்கேற்ற இருக்கையின் உயரம். ஐந்தடி உயரப் பெண்ணுக்கு இது 38 செ.மீ. அளவில் இருக்கும். கடையில் உள்ள பல சோஃபாக்கள் 42 முதல் 45 செ.மீ. வரை இருக்கும். மெத்தை அமுங்கியும் பாதம் தரையில் முழுமையாகப் படாவிட்டால் தொடையின் அடிப்பகுதி அழுந்தி, கால் மரத்துப்போகும்.

இரண்டாவது, பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை. இதிலிருந்து மூன்று விரல் அகலத்தைக் கழித்தால் கிடைப்பது இருக்கையின் ஆழம். பலருக்கு இது 40 முதல் 47 செ.மீ. வரை வரும். படுத்துப் புரள ஏற்ற 60 செ.மீ. ஆழமுள்ள சோஃபாவில் குட்டையானவர் முதுகைச் சாய்த்தால் கால் தொங்கும். காலை ஊன்றினால் முதுகு எட்டாது.

மூன்றாவது, இருக்கையிலிருந்து பின்மண்டையின் நடுப்பகுதி வரை. சோஃபாவின் முதுகு இந்த உயரத்தை எட்ட வேண்டும். குட்டையானவருக்கு ஏறத்தாழ 70 செ.மீ., நெட்டையானவருக்கு 80 செ.மீ. வரை தேவைப்படலாம். கடை அட்டையில் உள்ள ‘உயரம்’ தரையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை மறக்க வேண்டாம். மொத்த உயரம் 100 செ.மீ., இருக்கை 42 செ.மீ. என்றால் முதுகுக்குக் கிடைப்பது 58 செ.மீ. மட்டுமே. உட்காரும்போது மெத்தை அமுங்குவதால் இன்னும் சில சென்டிமீட்டர் கூடும். அப்போதும் அது தலைக்குப் போதாது. அந்த இடைவெளியை நிரப்ப, மேலே உயர்த்தக்கூடிய தலைத்தாங்கி வேண்டும்.

நான்காவது, இருக்கையிலிருந்து இடுப்புக் குழிவு வரை. பெரும்பாலும் 15 முதல் 25 செ.மீ. வரை வரும். சோஃபா முதுகின் புடைப்பு சரியாக அங்கே வந்து தாங்க வேண்டும்.

ஒரு சோஃபா, பல உயரங்கள்

பாட்டி ஐந்தடிக்கும் குறைவு, பேரன் ஆறடி. இருவரும் ஒரே சோஃபாவில் உட்கார வேண்டும். இதற்கு எளிய விதி ஒன்று உண்டு: இருக்கையின் ஆழத்தைக் குட்டையானவருக்கு ஏற்பவும் முதுகின் உயரத்தை நெட்டையானவருக்கு ஏற்பவும் தேர்ந்தெடுங்கள். ஆழம் குறைந்த இருக்கையில் நெட்டையானவர் ஓரளவு சமாளித்துவிடுவார். ஆழம் கூடியதில் குட்டையானவரால் முடியாது.

முழங்கால் வலி உள்ள மூத்தோர் விதிவிலக்கு. தாழ்ந்த, புதையும் இருக்கையிலிருந்து எழுவது அவர்களுக்குக் கடினம். தடுமாறி விழும் அபாயமும் உண்டு. அவர்களுக்குச் சற்று உயரமான, கெட்டியான இருக்கையும் ஊன்றி எழ உறுதியான கைப்பிடியும் தேவை. பாதம் எட்டாவிட்டால் ஒரு சிறு முக்காலி போதும். மூவர் அமரும் சோஃபாவை மாற்றுவதைவிட, பெரியவருக்கென்று உயர்ந்த முதுகுள்ள ஒற்றை நாற்காலி வாங்குவது பல வீடுகளில் செலவும் இடமும் குறைந்த தீர்வு.

கடையில் இருபது நிமிடம்

இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் எல்லா சோஃபாவும் சுகமாகவே இருக்கும். காலணியைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படி உட்காருவீர்களோ அப்படியே 15, 20 நிமிடம் உட்காருங்கள். அதை அதிகம் பயன்படுத்தப்போகும் பெரியவரையும் அழைத்துச் செல்வது நல்லது.

தலைத்தாங்கி தலையை முன்னே தள்ளுகிறதா, பாதம் ஊன்றுகிறதா, இடுப்புக்குப் பின்னால் கை நுழையும் அளவுக்குக் காலியிடம் இருக்கிறதா, பிறர் கை கொடுக்காமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். நான்கில் ஒன்று தவறினாலும் வேறொன்றைத் தேடுவது நல்லது.

உள்ளே என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். இருக்கை நுரைமெத்தையின் அடர்த்தி கன மீட்டருக்கு 30 கிலோவுக்குக் குறையாமல் இருந்தால் எளிதில் குழி விழாது. அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு. மென்மையாக இருந்தும் நீடித்து உழைக்கும் நுரைமெத்தை உண்டு. பாலியுரித்தேன் பூசிய செயற்கைத் தோல் விலை குறைவு என்றாலும், சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியக்கூடும். கழற்றித் துவைக்கக்கூடிய துணி உறை நம் பருவநிலைக்கு ஏற்றது.

மின்தூக்கியும் ரசீதும்

உயர்ந்த முதுகுள்ள சோஃபா, வீவக வீட்டு வாசலிலும் மின்தூக்கியிலும் நுழையுமா என்பது அடுத்த கேள்வி. வாசலின் அகலம், மின்தூக்கியின் உட்புற அளவு, தாழ்வாரத் திருப்பம் மூன்றையும் குறித்துச் செல்லுங்கள். முதுகைத் தனியாகக் கழற்ற முடியுமா என்றும் கேளுங்கள். சாய்ந்து விரியும் வகைக்குச் சுவரிலிருந்து எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதும் முக்கியம்.

2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள ‘லெமன்’ சட்ட விதிகளின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்பவரின் பொறுப்பு. பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள், அது முடியாவிட்டால் விலைக்குறைப்பு அல்லது பணம் திரும்பப் பெறுவது எனத் தீர்வுகள் உண்டு. உடைந்த சட்டம், அறுந்த ஸ்பிரிங் இதில் அடங்கும். மனம் மாறியதும் உடலுக்குப் பொருந்தாததும் அடங்கா.

ஆனால் ஒப்புக்கொண்ட அளவுக்கு மாறாகச் செய்து தந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே இருக்கையின் உயரம், ஆழம், முதுகின் உயரம், நுரைமெத்தையின் அடர்த்தி, ஒப்படைக்கும் தேதி ஆகியவற்றை ரசீதில் எழுதி வாங்குங்கள். முன்பணத்தை முடிந்தவரை குறைவாகக் கொடுங்கள். சிக்கல் தீராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை (கேஸ்) நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை இரண்டு ஆண்டுகளுக்குள் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுசெல்லலாம்.

இப்போது புதிது வாங்க முடியாதவர்கள் பழைய சோஃபாவையே திருத்திக்கொள்ளலாம். சுருட்டிய துண்டை இடுப்புக் குழிவில் வையுங்கள். ஆழம் கூடுதலானால் முதுகுக்குப் பின் கெட்டியான தலையணை ஒன்று. முதுகு தாழ்வாக இருந்தால் சோஃபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, தலைக்கும் சுவருக்கும் இடையே இன்னொரு தலையணை. எந்த சோஃபாவாக இருந்தாலும் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடப்பது அவசியம். வலி காலில் இறங்கினாலோ மரத்துப்போனாலோ அது சோஃபாவால் தீரும் விவகாரம் அல்ல. பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.