இமைச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சை: முன்னரே அறிய வேண்டியவை

கண்ணிமையின் தோல் உடலின் பிற பகுதித் தோலைவிட மெல்லியது; அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வயது ஏற ஏற அது தளர்ந்து மடிகிறது. விழிக்கோளத்தைச் சூழ்ந்த கொழுப்பைத் தடுத்து நிறுத்தும் சவ்வும் நெகிழ்வதால், கீழிமையில் பை போன்ற புடைப்பு தோன்றுகிறது. தளர்ந்த தோலையும் பிதுங்கிய கொழுப்பையும் தேவையான அளவு நீக்கியோ இடம் மாற்றியோ சீர்செய்வதே இந்தச் சிகிச்சை.

தளர்ந்த தோல் முழுவதையும் எடுத்துவிடுமாறு கேட்போர் உண்டு. அது இயலாது. இமையின் முதற்கடமை கண்ணை மூடிக் காப்பது. மேலிமையில், புருவத்தின் கீழ் விளிம்புக்கும் இமை விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் தோலாவது எஞ்சினால்தான் கண் எளிதாக மூடும். அளவுக்கு மீறி நீக்கினால், உறக்கத்திலும் கண் சற்றே திறந்திருந்து, கருவிழி உலர்ந்து புண்ணாகலாம். கீழிமை கீழ்நோக்கி இழுபடலாம். ஆகவே, சிகிச்சைக்குப் பின் எஞ்சும் சிறு மடிப்பு உங்கள் கண்ணின் நலனுக்காகவே விடப்பட்டது.

இமை தாழ்ந்திருப்பதற்குத் தோலின் தளர்ச்சி மட்டுமே காரணமன்று. இமையை உயர்த்தும் தசை தளர்ந்திருந்தால் அதற்குரிய அறுவைச் சிகிச்சை வேறு. ஓர் இமை திடீரெனத் தொய்ந்து, அதனுடன் தலைவலி, இரட்டைப் பார்வை, ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிதல் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால், உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். அது அழகு தொடர்பான குறையன்று.

கண் உலர்வு, தைராய்டு நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை இருந்தால் முன்னரே தெரிவியுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபாரின் முதலிய மருந்துகளை உட்கொள்வோர் அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. உங்கள் இதய மருத்துவரைக் கலந்தே முடிவெடுப்போம். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ மாத்திரைகளையும் மூலிகை மருந்துகளையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.

பெரும்பாலோருக்கு இமையை மட்டும் மரத்துப்போகச் செய்து சிகிச்சை அளிக்கப்படுகிறது; அன்றே வீடு திரும்பலாம். மேலிமைத் தழும்பு இயற்கையான மடிப்புக்குள் மறைந்துவிடும். முதல் இரண்டு நாட்கள் குளிர் ஒத்தடம் கொடுங்கள். பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைக்க வேண்டாம். தலையை உயர்த்திப் படுங்கள். குனிதலையும் பளு தூக்குதலையும் தவிருங்கள். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் மிகுந்து, பின் வடியும். கன்றிய நிறம் கன்னம் வரை இறங்குவதுண்டு. இரண்டு வாரங்களில் பெரும்பாலும் மறையும். கரையாத தையல்கள் 5 முதல் 7 நாட்களில் பிரிக்கப்படும். களிம்பினால் பார்வை சற்று மங்கலாம்; இமை கொட்டியதும் அது தெளியும். இமையின் இறுதி வடிவம் தெரியச் சில மாதங்கள் ஆகும்.

உடனிருப்போர் முதல் நாளிரவு விழிப்புடன் இருக்க வேண்டும். அரிதாக, விழிக்குப் பின்னே இரத்தம் கசிந்து பார்வை நரம்பை நெருக்கும். காலம் தாழ்த்தினால் பார்வை நிரந்தரமாகப் பறிபோகலாம். அவ்வப்போது ஒரு கண்ணை மெல்ல மறைத்து, மற்றக் கண்ணால் விரல்களை எண்ணச் சொல்லுங்கள். கண்ணை இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே நிகழ்வது தெரியாமற் போகும். பார்வை குறைதல், மாத்திரைக்கு அடங்காத கடும் வலி, ஒரு பக்கம் மட்டும் இறுகிப் புடைத்தல், விழி முன்தள்ளுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியும் வரை காத்திராமல் உடனே நோயாளியை அழைத்து வாருங்கள்.

இந்தச் சிகிச்சையால் கண்ணடிக் கருமை நீங்காது. கண்ணோரச் சுருக்கங்களும் மறையா. மூக்குக் கண்ணாடியின் தேவையும் மாறாது. இரு இமைகளும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாயிரா. சிகிச்சைக்கு முன்னரும் அவை அவ்வாறு இருந்ததில்லை. மடிந்த தோல் பார்வையின் மேற்புறத்தை மறைத்திருந்தால் அந்தத் தடை நீங்கும். எந்தக் குறை உங்களை மிகவும் வருத்துகிறது என்பதை முதல் சந்திப்பிலேயே கண்ணாடியைப் பார்த்தபடி சுட்டிக்காட்டுங்கள். அதில் எவ்வளவு சீராகும், எவ்வளவு சீராகாது என்பதை அளந்து கூறுவது எங்கள் பொறுப்பு.