மௌன விளையாட்டு

அச்சம் மிகுந்த காலத்தே சிறு குழந்தைகளை நோக்கி ‘அஞ்சாதே’ என்பதனால் மட்டும் அவர் அச்சம் நீங்குமோ? சொல்லினும் செயலையே மழலையுள்ளம் எளிதிற் பற்றும். இதனை நன்குணர்ந்தவர் இத்தாலிய நாட்டு மருத்துவராகிய மரியா மாண்டிசோரி அம்மையார். 1939ஆம் ஆண்டு சென்னை அடையாறு போந்த அவர், உலகப்போரினால் ஐரோப்பா மீள இயலாது, பின்னர்க் கோடைக்கானலிலும் தங்கிக் கல்விப்பணி புரிந்தார்.

அவர் வகுத்த பயிற்சிகளுள் ஒன்று மௌன விளையாட்டு. குழந்தைகள் அசைவின்றி அமர்வர். ஆசிரியர் மறைவில் நின்று ஒவ்வொருவர் பெயரையும் மெல்லென அழைப்பார். அழைக்கப்பெற்ற குழந்தை ஓசையெழாது எழுந்து செல்லும். தன் பெயரைக் கேட்கும் ஆவலே மனத்தை ஒருமுகப்படுத்துகின்றது.

கொரோனாத் தொற்றினால் 2020இல் மூடப்பெற்ற நம் மாநிலத் தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பரிலேதான் திறந்தன. திருச்சியிலும் திருவரங்கத்திலும் இரண்டாம் வகுப்புச் சிறாரும் அன்றுதான் தம் வகுப்பறையைக் கண்டனர். அத்தகையோர்க்குக் ‘கைகட்டு, வாய்பொத்து’ என்னும் பழைய ஆணை மேலும் அச்சமே விளைக்கும். தாமே விரும்பிக் காக்கும் மௌனமோ தெருவொலியையும் தம் மூச்சையும் உற்றுணரச் செய்யும்.

எனினும், துயருற்ற குழந்தையின் வாயை அடைத்தற்கு இதனைக் கருவியாக்குதல் தகாது. அழ வந்த குழந்தையை முதற்கண் அழவிடுக. பேச வந்ததைக் கேட்டிடுக. விளையாட்டு அதன் பின்னரே. ஆசிரியரின் மனம் அடங்காதவிடத்து மாணவர் மௌனம் வெறும் வாய்மூடலேயாம் என்பது எம் துணிபு.