செல்போன் கேமரா நிறம் பார்த்து நோய் சொல்லுமா?

சித்த மருத்துவத்தில் 'எண்வகைத் தேர்வு' என்று ஒன்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எட்டையும் சோதித்துத்தான் நோயைக் கணிப்போம். இதில் நிறம் என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. அது போக நாக்கு, விழி, மலம், மூத்திரம் ஆகியவற்றில் நாங்கள் முக்கியமாகக் கவனிப்பதும் நிறத்தைத்தான்!

இன்று இந்த வேலையைச் செல்போனும் செய்கிறேன் என்கிறது. விரலை வைத்தால் நாடித்துடிப்பு, நகத்தைக் காட்டினால் ரத்தசோகை, குழந்தையைக் காட்டினால் காமாலை... இப்படி ஆப்கள் வந்துவிட்டன. "நல்லதுதானே டாக்டர்?" என்பீர்கள். சிலதை நம்பலாம், சிலதில் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கணும். ஏன் என்று பார்ப்போமா?

கேமரா என்ன பார்க்கிறது?

கேமராவைத் திறந்ததும், படம் எடுப்பதற்கு முன்பே திரையில் காட்சி ஓடுகிறதல்லவா? அது விநாடிக்குச் சுமார் 30 படங்களின் வரிசை. ஒவ்வொரு படமும் லட்சக்கணக்கான புள்ளிகளால் ஆனது. இந்தப் புள்ளிக்குத்தான் 'பிக்ஸல்' என்று பெயர். ஒவ்வொரு பிக்ஸலின் நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்களாகச் சொல்லலாம். பொதுவாக 0 முதல் 255 வரை. மூன்றும் 0 என்றால் கறுப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை. ஆப் படிப்பது இந்த எண்களைத்தான். ஒற்றைப் புள்ளியை நம்பினால் எண் தடுமாறும் என்பதால், ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும் எல்லாப் புள்ளிகளின் சராசரியை எடுத்துக்கொள்ளும்.

துடிப்பை எண்ணிவிடும்

ஃபிளாஷ் எரியும்போது லென்ஸ் மேல் விரலை வைத்தால் திரை முழுக்கச் சிவப்பாகும். இதயம் துடிக்கும்போதெல்லாம் விரலில் ரத்தம் கொஞ்சம் கூடுகிறது. அந்த ரத்தம் வெளிச்சத்தை உறிஞ்சுவதால் திரை ஒரு துளி மங்குகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, எண்களில் தெரியும். 15 விநாடியில் 18 முறை மங்கினால் நிமிஷத்துக்கு 72 துடிப்பு. அவ்வளவுதான் கணக்கு!

இங்கே நிறம் சரியாகத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. ஏறி இறங்குவதை எண்ணினால் போதும். அதனால் விரலை அழுத்தாமல், ஆட்டாமல் வைத்தால் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் வாதம், பித்தம், கபம் என்று மூன்று விரலால் நாங்கள் பார்க்கிற நாடி நடை வேறு. துடிப்பு தாறுமாறாக இருப்பதாக ஆப் காட்டினால், டாக்டரிடம் போய் ஈ.ஸி.ஜி. எடுத்துப் பாருங்கள்.

நிறத்தில்தான் வம்பு

காமாலையும் சோகையும் அப்படியல்ல. 'எவ்வளவு மஞ்சள், எவ்வளவு வெளுப்பு' என்று நிறத்தையே எடை போடணும். இங்கேதான் கேமரா ஏமாற்றும். குண்டு பல்பு வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டை மஞ்சளாகத் தெரியும். அதை வெள்ளையாகக் காட்டுவதற்காகக் கேமரா தானாகவே நிறத்தைத் திருத்திக்கொள்கிறது. கல்யாண போட்டோவுக்கு அது நல்லது. பச்சைக் குழந்தையின் தோலில் மஞ்சளைத் தேடும்போது? எதைத் தேடுகிறோமோ அதையே கேமரா குறைத்துக் காட்டிவிடலாம்! போதாததற்கு மஞ்சள் பெயின்ட் சுவரும், அம்மாவின் புடவையும் குழந்தை மேல் தங்கள் நிறத்தை அடிக்கும்.

இது ஆராய்ச்சியாளர்களுக்கும் தெரியும். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2014-ல் பச்சிளங்குழந்தைகளின் காமாலைக்கு ஒரு ஆப்பை அறிமுகப்படுத்தினார்கள். அதில் நிறக் கட்டங்கள் அச்சிட்ட அட்டையைக் குழந்தையின் உடல் மேல் வைத்துத்தான் படம் எடுக்கணும். அட்டையின் நிறம் எவ்வளவு மாறித் தெரிகிறது என்று பார்த்து, தோலின் நிறத்தைத் திருத்திக்கொள்ளும். எமோரி பல்கலைக்கழகத்தார் 2018-ல் நகத்தின் படத்திலிருந்து ஹீமோகுளோபினைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆனால் அது முதல்கட்டச் சோதனைக்குத்தான், நோயை உறுதிசெய்ய அல்ல என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் பார்ப்பது எப்படி?

* பகலில், ஜன்னல் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள்.

* குழந்தையின் நெற்றியிலோ மார்பிலோ விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். அந்த இடம் மஞ்சளாகத் தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

* பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், உள்ளங்கை, பாதம் வரை பரவினால், குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால், மலம் வெளுத்துப் போனால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள். காமாலை முற்றினால் மூளையையும் காதையும் பாதிக்கும். காலத்தோடு போனால் நீல ஒளிச் சிகிச்சையிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.

* சோகைக்குக் கீழ் இமையின் உள்பக்கம், நாக்கு, உள்ளங்கை மூன்றையும் பாருங்கள். நகப்பூச்சும் மருதாணியும் நகத்தின் நிறத்தை மறைத்துவிடும்.

* 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராம், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமாவது வேண்டும். மூச்சு வாங்குது, களைப்பா இருக்கு என்றால் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஆப் 'இருக்கு' என்றால் டாக்டரிடம் போங்கள். 'இல்லை' என்று சொன்னாலும், வீட்டுப் பெரியவங்க கண்ணுக்குச் சந்தேகம் தட்டினால் அப்பவும் போங்கள். பாட்டி ஜன்னல் பக்கம் குழந்தையைத் தூக்கிப்போய்ப் பார்ப்பது வெறும் பழக்கமில்லை, நல்ல பரிசோதனை!