தலைமுறைகள் தாண்டிய மரியாச்சி

மெக்சிகோவின் மரியாச்சி இசையில் ஒரு குழு நூறாண்டைக் கடந்தும் மேடையில் நிற்கிறது. அதன் பெயர் மரியாச்சி வர்காஸ் தே தெகலித்லான்.

ஹலிஸ்கோ மாநிலத்தின் தெகலித்லான் என்ற சிற்றூரில், 1890களின் பிற்பகுதியில் காஸ்பர் வர்காஸ் இதைத் தொடங்கினார். அப்போது இருந்தவை இரண்டு வயலின், ஒரு ஹார்ப், ஒரு சிறிய கிதார், அவ்வளவுதான். இன்று மரியாச்சி என்றதும் காதில் ஒலிக்கும் டிரம்பெட் பிறகு வந்து சேர்ந்தது.

1932-இல் மகன் சில்வெஸ்த்ரே பொறுப்பேற்றார். இரண்டே ஆண்டுகளில், அதிபர் லாசரோ கார்தெனாஸின் பதவியேற்பு விழாவில் வாசிக்க அழைப்பு வந்தது. தலைநகருக்குப் போன குழு அங்கேயே தங்கிவிட்டது. சினிமாவும் வானொலியும் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. பெத்ரோ இன்ஃபாந்தே, ஹோர்ஹே நெக்ரெத்தே போன்ற உச்ச நட்சத்திரங்களின் பாடல்களுக்கு இவர்களே வாசித்தார்கள்.

ஆனால் பெரிய திருப்பம் 1944-இல்தான். மேற்கத்திய செவ்வியல் முறையில் வயலின் பயின்ற ரூபன் ஃபுவென்தெஸ் என்ற இளைஞர் குழுவில் சேர்ந்தார். காதால் கேட்டே வாசித்துப் பழகிய கலைஞர்களுக்கு இசைக்குறிப்பு எழுதிக் கொடுத்தார். வயலின்களுக்குத் தனி அடுக்கு, டிரம்பெட்டுக்குத் தனி இடம், அடியில் கித்தாரோன். பெரிய வயிறுள்ள அந்தக் கிதாரில் ஒரே ஸ்வரத்தை மந்திர ஸ்தாயியிலும் அதற்கு மேல் ஸ்தாயியிலும் சேர்த்தே இழுப்பார்கள். மைக் இல்லாமலேயே கூட்டம் முழுக்கக் கேட்கும் கம்பீரம் அதில் உண்டு.

1987-இல் அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட், தம் தந்தை வழி மெக்சிகோ பாடல்களை ஆல்பமாகப் பாடினார். ரூபன் ஃபுவென்தெஸ் இசைக்கோர்வை அமைக்க, வர்காஸ் குழுவும் வாசித்தது. அந்த ஆல்பத்துக்கு கிராமி விருது கிடைத்தது.