மாட்டை யாரும் பார்ப்பதில்லை

கால்நடை மருத்துவராக மசினகுடிப் பக்கம் வேலை பார்த்த நாட்களில், பட்டி மாடுகளின் காதைத் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டேன். காதுக்குள்ளும் மடியோரத்திலும் உண்ணி கொத்துக்கொத்தாக அப்பியிருக்கும். "மாடு நல்லாத்தானே மேயுது டாக்டர்!" என்பார்கள். நன்றாகத்தான் மேயும். சிக்கலே அதில்தான் இருக்கிறது.

1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றுக் கிராமங்களில் மனிதர்களுக்கும் கடும் காய்ச்சல். ஆப்பிரிக்காவின் மஞ்சள் காய்ச்சல் இங்கே வந்துவிட்டதோ என்று முதலில் பயந்தார்கள். புணே வைரஸ் ஆய்வு மையத்தார் பிரித்தெடுத்ததோ வேறொன்று: ரஷ்யக் காடுகளில் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தது. அப்படியானால் சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் கொண்டுவந்தனவா? அந்தச் சந்தேகத்தில்தான் உலக சுகாதார நிறுவனம் பணம் தர, பறவையியலாளர் சாலிம் அலி பறவைகளுக்கு வளையமிடும் பெரிய திட்டத்தைத் தொடங்கினார். பறவைகள் மீதான பழி நிரூபணமாகவில்லை. நம் பறவையியலுக்குத்தான் லாபம்!

இந்த வைரஸையும் பரப்புவது உண்ணிதான். அது தன் ஆயுளில் மூன்று பருவங்களில் ரத்தம் குடிக்கிறது. பொரிந்து வந்த குஞ்சு காட்டெலி, மூஞ்சூறு போன்ற சிற்றுயிர்களைப் பிடிக்கும். அடுத்த பருவத்து இளம் உண்ணி கண்ணுக்கு எளிதில் படாது. குரங்கையும் நம்மையும் கடிப்பது பெரும்பாலும் இதுதான். வளர்ந்த உண்ணிக்கோ மாடு, மான் போன்ற பெரிய உடம்பு வேண்டும். வயிறு புடைக்கக் குடித்த பெண் உண்ணி சருகில் விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இந்த வைரஸால் மாட்டுக்கு நோய் வருவதில்லை, ஆனால் உண்ணிக்கு அன்னதானம் போடுவது அதுதான். காட்டைத் திருத்தி ஊர் வளர்ந்து, மாடுகள் உள்ளே மேயப்போனதால் உண்ணி பெருகியதே நோய் வெடிக்கக் காரணம் என்று போஷெல் என்ற ஆய்வாளர் 1969இலேயே எழுதினார். பட்டிகளில் நான் பார்த்த வரையில் அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன்.

நாம் பழிபோடுவது குரங்கின் மேல். அதுவோ நோயால் சாகிற உயிர். செத்த குரங்கின் உடல் குளிர்ந்ததும் உண்ணிகள் இறங்கிச் சுற்றுப்புறச் சருகில் பரவும். 2012இல் பந்திப்பூரில் செத்த குரங்குகளைக் கையாண்டவர்கள் நோயில் விழுந்தார்கள். பிறகு முதுமலையில் இறந்த குரங்குகளிலும் வைரஸ் தென்பட்டது. அடுத்து வயநாடு. மாநில எல்லை உண்ணிக்குத் தெரியாது.

காய்ச்சல் திடீரென்று வரும். தலைவலி, உடம்புவலி, சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தக்கசிவு. நோய் கண்டவர்களில் 100க்கு 3 முதல் 5 பேர் இறக்கிறார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவதில்லை. தனி மருந்து கிடையாது. கர்நாடகத்தில் பல பத்தாண்டுகள் போட்டுவந்த தடுப்பூசியும் வீரியம் குறைந்து 2022இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

ஆகவே காட்டோரத்தில் இருப்பவர்களே, மாடு கொழுகொழுவென்று இருந்தாலும் உண்ணி மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். செத்த குரங்கைக் கண்டால் தொடவோ புதைக்கவோ வேண்டாம், வனத்துறைக்கும் கால்நடை மருத்துவமனைக்கும் சொல்லுங்கள். டிசம்பருக்கும் மே மாதத்துக்கும் இடையில் காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும் காட்டுக்குள் போய்வந்ததை முதலில் சொல்லிவிடுங்கள்.